கடலில் காணாமல் போனவனின் மனைவிக்கு ஒரு காதல் கதை

கணவனை இழந்த பெண்ணுக்கு இரண்டாவது காதல் வாய்க்கும் நாவல்களைத் தேடித் தேடிப் படிப்பவள் நான். அவை மாத நாவல்களாகப் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய காலம் முதல், பிரதிலிபி போன்ற செயலிகளில் அத்தியாயம் அத்தியாயமாக வெளிவரும் இன்றைய காலம் வரை, பெரும்பாலானவற்றில் ஒரு தந்திரம் மட்டும் மாறவே இல்லை. முதல் கணவன் குடிகாரனாக இருப்பான். அல்லது மனைவியைச் சந்தேகப்பட்டு அடிப்பவனாக இருப்பான். இரண்டும் இல்லையென்றால், தாலிக் கயிற்றின் மஞ்சள் ஈரம் காய்வதற்குள் சாலை விபத்தில் இறந்துவிடுவான். இரண்டாம் திருமணத்தை வாசகர் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக, முதல் திருமணத்தை ஒரு பொருட்டே இல்லாததாக ஆக்கிவிடுகிறார்கள். அதன் பிறகு அந்தப் பெண்ணுக்குத் துக்கம் என்று எதுவும் மிஞ்சுவதில்லை. விடுதலை உணர்வுதான் மிஞ்சுகிறது. நல்லவனாக இருந்த ஒருவனோடு நன்றாக வாழ்ந்து, அவனை இழந்து, அவன் மீதான அன்பு சற்றும் குறையாத நிலையிலேயே இன்னொருவனை விரும்பத் தொடங்கும் பெண்ணை எழுதத்தான் நம்மிடம் தயக்கம் இருக்கிறது.

அப்படி ஒரு பெண்ணை வைத்துச் சில காலமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை நடக்கும் இடம் பாம்பனும் தங்கச்சிமடமும். காலம் 2018 முதல் 2025 வரை. பாத்திரங்களின் பெயர்களை இங்கே சொல்லப் போவதில்லை, ஏனென்றால் அவற்றை இன்னும் மாற்றிக்கொண்டே இருக்கிறேன். இந்தப் பதிவில் எழுத நினைத்தது, எங்கள் ராமநாதபுரம் கடற்கரையில் இப்படியொரு கதையை அமைக்கும்போது, மற்ற ஊர்க் கதைகளில் எழாத என்னென்ன கேள்விகள் எழுகின்றன என்பதைப் பற்றி.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். காதல் நாவல் என்ற வகையின் மீது எனக்கு இளக்காரம் கிடையாது. கதையின் நடுவே காதல் இருக்க வேண்டும், முடிவு நம்பிக்கை தருவதாக இருக்க வேண்டும் என்ற இரண்டே விதிகளைத்தான் அந்த வகை கேட்கிறது. துக்கத்தை எழுதுகிறோம் என்பதற்காக இறுதியில் நாயகியைக் கரையில் தனியே நிற்க வைத்துவிட்டு, அதையே இலக்கியம் என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. என் நாவலின் முடிவில் கல்யாணம் உண்டு. தொல்காப்பியம் நெய்தல் நிலத்துக்கு இரங்கலை உரிப்பொருளாகக் கொடுத்துவிட்டது என்பதற்காக, கடற்கரைப் பெண் இரங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

எழுதத் தொடங்கியவுடன் வந்து நின்ற கேள்வி, உடல் கிடைத்ததா இல்லையா என்பது. நகரத்துக் கதையில் கணவன் மருத்துவமனையில் இறக்கிறான், சான்றிதழ் வருகிறது, பதினாறாம் நாள் முடிகிறது, அதன் பிறகு கதை தொடங்குகிறது. இங்கே விசைப்படகில் போனவர் திரும்பவில்லை என்றால், முதலில் மற்றப் படகுகள் தேடப் போகின்றன, பிறகு கடலோரக் காவல் படை தேடுகிறது, பிறகு காற்று எந்தப் பக்கம் இழுத்திருக்கும் என்று பெரியவர்கள் கரையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர் தூரம்தான். எனவே "அந்தக் கரையில ஒதுங்கியிருப்பாரு" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள் தெருவுக்குச் சிலர் இருக்கும் ஊரில், அந்தச் சொல்லை நம்பாமல் இருக்க முடியாது. ஒவ்வொரு முறை அங்கிருந்து மீனவர்கள் விடுதலையாகி வரும்போதும், பெயர்ப் பட்டியலில் தன் கணவன் பெயர் இல்லை என்று முன்பே தெரிந்திருந்தும், என் நாயகி செய்தியை முழுதும் கேட்கிறாள். மூன்றாம் ஆண்டில் அவள் அதைக் கேட்பதை நிறுத்துகிறாள். அப்படி நிறுத்தியதற்காகவே அன்று இரவு தன்னைத் துரோகியாக நினைத்துக்கொள்கிறாள்.

அமெரிக்க உளவியலாளர் பாலின் பாஸ், வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்து, இத்தகைய இழப்புக்குத் தனி இலக்கணமே வகுத்தார். ஆள் இல்லை, ஆனால் போய்விட்டார் என்பதும் உறுதியில்லை. ஆகவே துக்கம் உறைந்து நின்றுவிடுகிறது. எங்கள் கரைக்குப் பொருந்துவதற்கு இதில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை. இதில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. இந்தியா முழுவதிலிருந்தும் மக்கள் ராமேசுவரத்துக்கு வந்து, அக்னி தீர்த்தக் கரையில் தங்கள் முன்னோருக்குத் தர்ப்பணம் செய்து, கடலில் மூழ்கி எழுந்து, இறந்தவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடித்த மனநிறைவோடு ரயில் ஏறுகிறார்கள். ஆடி அமாவாசையன்றும் தை அமாவாசையன்றும் அங்கே நிற்க இடம் இருக்காது. அதே கடலில் கணவனைத் தொலைத்தவள், அவனுக்கு எந்தச் சடங்கையும் செய்யத் தொடங்கக்கூட முடியாமல், அந்தக் கூட்டத்துக்கு நடுவே மீன் கூடையோடு பேருந்துக்காக நிற்கிறாள். இந்தக் காட்சியை நாவலில் ஒரே ஒரு முறைதான் வைத்திருக்கிறேன், அதுவும் எந்த விளக்கமும் இல்லாமல்.

சட்டம் இதற்கு ஒரு கெடு வைத்திருக்கிறது. ஒருவரைப் பற்றி, இயல்பாகத் தகவல் அறிந்திருக்க வேண்டியவர்களே ஏழு ஆண்டுகளாக எதுவும் கேள்விப்படவில்லை என்றால், அவர் இறந்துவிட்டதாக நீதிமன்றம் அனுமானிக்கலாம். 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அப்படியே தொடர்கிறது. இதில் நாவலாசிரியர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு: அவர் இறந்தார் என்று மட்டுமே சட்டம் அனுமானிக்கும், எந்த நாளில் இறந்தார் என்பதை அது அனுமானிப்பதில்லை. அதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். ஆகவே ஏழாண்டு முடிந்து தீர்ப்பு கையில் வந்த பிறகும், என் நாயகிக்கு நினைவு நாள் என்று ஒன்று கிடைப்பதில்லை. அவன் கரையை விட்டுப் போன நாளில்தான் பூசை கொடுக்கிறாள். அன்று அவன் உயிரோடு இருந்தான் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் காணாமல் போன குமரி மாவட்ட மீனவர்களின் குடும்பங்களை ஏழாண்டு காத்திருக்கச் சொல்லாமல் அரசு நிவாரணம் வழங்கியது. பெரும் புயலுக்கு ஊரும் நாடும் திரும்பிப் பார்க்கும். ஒற்றைப் படகு கவிழ்ந்த ஓர் இரவுக்கு அத்தனை வெளிச்சம் கிடைப்பதில்லை. என் கதையில் கவிழ்வது ஒற்றைப் படகுதான்.

நாயகியைத் தங்கச்சிமடத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண்ணாக அமைத்ததற்குக் காரணம் இருக்கிறது. கீழக்கரையிலோ பெரியபட்டினத்திலோ ஒரு முஸ்லிம் குடும்பத்தில் கதையை வைத்திருந்தால், கணவன் இறந்தபின் காத்திருக்க வேண்டிய நான்கு மாதம் பத்து நாள் இத்தா முடிந்ததும் மறுமணத்துக்கு மார்க்கத்தில் தடையில்லை என்ற இடத்திலிருந்து அது வேறு விதமாக வளர்ந்திருக்கும். கத்தோலிக்கத் திருச்சபையின் ஏற்பாடு தனியானது. இறப்பை ஆவணத்தால் நிரூபிக்க முடியாதபோது, மறைமாவட்ட ஆயர் (பிஷப்) விசாரித்து, அவர் இறந்திருக்க வேண்டும் என்று அறிவிக்கும் வரை, மனைவி திருமணப் பிணைப்பிலிருந்து விடுபட்டவளாகக் கருதப்படுவதில்லை. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1707ஆம் எண் இதைச் சொல்கிறது. எத்தனை ஆண்டு ஆனாலும் ஆள் இல்லை என்பது மட்டும் போதாது. சாட்சிகளின் வாக்குமூலத்திலிருந்தோ, ஊரார் பேச்சிலிருந்தோ, வேறு அடையாளங்களிலிருந்தோ, அவர் இறந்தார் என்ற மன உறுதி ஆயருக்கு ஏற்பட வேண்டும். ஊரார் பேச்சும் அந்தப் பட்டியலில் இருப்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஏழாண்டுகளாக அவளைக் குத்திக் கிழித்த அதே பேச்சு, இப்போது அவள் கோப்பில் சான்றாக ஏறப் போகிறது. எங்கள் பகுதி சிவகங்கை மறைமாவட்டத்துக்கு உட்பட்டது. ஆகவே கதையில் ஒரு கோப்பு தங்கச்சிமடத்துப் பங்குப் பணியாளரான பாதிரியாரிடமிருந்து சிவகங்கைக்குப் போகிறது.

இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொண்ட பிறகுதான் இரண்டாமவன் யார் என்பது எனக்குப் பிடிபட்டது. கணவனோடு அந்த இரவு அதே படகில் இருந்து, நீந்தியும் மிதந்தும் கரை சேர்ந்தவன் அவன். படகில் நான்கு பேர், இருவர் பிழைத்தார்கள், ஒருவரின் உடல் கிடைத்தது, அவள் கணவன் மட்டும் கிடைக்கவில்லை. பிழைத்த இருவரில் மற்றவர் கொஞ்ச காலத்தில் நோயில் இறந்துவிட, கணவனின் கடைசி நேரத்தைப் பற்றிச் சொல்ல உலகத்தில் மிஞ்சியிருப்பவன் அவளை விரும்பும் இவன் ஒருவன்தான். தண்ணீரில் ஆளுக்கொரு காலி கேனைப் பிடித்து மிதந்த அந்த இருட்டில், அவனால் நண்பனைப் பார்க்க முடியவில்லை. குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. இடைவெளி விட்டு விட்டு இருவரும் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். விடிவதற்கு முன் ஒரு கட்டத்தில் இவன் கூப்பிட்டதற்குப் பதில் வரவில்லை. (இருவருக்கும் ஒரே கேன், அதை விட்டுக்கொடுத்தவன் கணவன் என்று எழுதலாமே என்று ஒரு தோழி யோசனை சொன்னாள். எழுதலாம், அப்புறம் அது இடைவேளைக்கு முந்திய சினிமாக் காட்சியாகிவிடும்.)

நாவலின் முடிச்சே அந்தக் குரல்தான். பதில் வரவில்லை என்பதும் இறந்துவிட்டான் என்பதும் ஒன்றா? நீரோட்டம் இருவரையும் பிரித்திருக்கலாம், காற்று மாறியிருக்கலாம். அவன் இதை அவளிடம் ஏழாண்டாகச் சொல்லவில்லை. சொன்னால் அவள் நம்பிக்கையை அவன் கையால் முடித்துவைத்தது போலாகும். அவளை விரும்பத் தொடங்கிய பிறகு சொன்னால், தன் தேவைக்காக நண்பனைக் கொன்றது போலாகும். பங்குப் பணியாளர் சாட்சிக்கு அழைக்கும்போது, "உனக்கு இந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா?" என்று கேட்கிறார். ஆம் என்றால் அவன் சாட்சியத்தின் எடை குறையும். இல்லை என்றால் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னதாகும். அவன் காதலை முதன்முதலாக வாய்விட்டுச் சொல்லும் இடம் அந்த விசாரணை அறை. கேட்பவர் பாதிரியார். சொல்ல வேண்டியவளிடம் இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டான். காதல் அறிவிப்பும் இறப்பு அறிவிப்பும் ஒரே வாக்குமூலத்தில் வருவதாக அமைந்தபோதுதான், இந்தக் கதையை எழுதியே தீர வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அவன் என்ன தொழில் செய்ய வேண்டும் என்பதில் வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. கடலுக்குப் போகாத ஆளாக, ஆசிரியராகவோ வங்கி ஊழியராகவோ வைத்துவிடு, பாவம் அந்தப் பெண் இனியாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்றார் என் சித்தி. அந்த ஆசை நியாயமானது. ஆனால் அப்படிச் செய்தால் கதை கடலிலிருந்து தப்பி ஓடுகிறது. அவன் விசைப்படகை விட்டுவிட்டு வத்தை என்னும் நாட்டுப்படகில் போகிறான். அவ்வளவுதான் நான் கொடுத்த சலுகை. பாக் நீரிணையில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடு நீண்ட காலமாக இருக்கிறது. நாவலின் நடுப்பகுதிக்கு அது எதிர்பாராத வகையில் உதவியது. விசைப்படகு போகும் நாள்களில்தான் அவளுக்கு வயிற்றைப் பிசையும். அந்த நாள்களில் அவள் காரணமில்லாமல் மகளிடம் எரிந்து விழுவாள். ஒரு வாரம், விசைப்படகு கரையில் நிற்கும் நாளிலும் அதே பிசைவு வருகிறது. வத்தைகள் போயிருக்கும் நாள் அது. தான் யாருக்காகப் பயப்படுகிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிகிறது. பூங்கொத்தும் கவிதையும் இல்லாமல் காதல் உறுதியாகிற இடமாக இதைத்தான் வைத்திருக்கிறேன்.

துக்கத்தைக் கதையில் எப்படி நகர்த்துவது என்பது அடுத்த சிக்கல். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் சொன்ன ஐந்து நிலைகளை அப்படியே ஐந்து பாகங்களாக்கி எழுதிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று படியேறிப் போய், ஐந்தாம் படியில் நாயகன் காத்திருப்பான். அந்த அம்மையார் அவற்றைக் கண்டது தம் சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் என்பதை இவர்கள் மறந்துவிடுகிறார்கள். எனக்குக் கைகொடுத்தது, நெதர்லாந்தில் ஆய்வு செய்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் இருவரும் 1999இல் முன்வைத்த விளக்கம். இழந்தவர் ஒரே பாதையில் முன்னேறுவதில்லை. இழப்பின் பக்கமும் அன்றாடத்தின் பக்கமும் மாறி மாறிப் போய்வருகிறார் என்கிறார்கள் அவர்கள். காலையில் கடற்பாசி வளர்க்கும் குழுப் பெண்களோடு சிரித்துப் பேசிக்கொண்டே பாசிக் கயிறு கட்டும் பெண், மாலையில் அவன் கைலியை மடிக்கும்போது உடைந்து போவதும், மறுநாள் மீண்டும் சிரிப்பதும் நடிப்பு இல்லை என்பதற்கு அந்த ஆய்வு ஒரு சான்று. ஊருக்குத்தான் அது புரிவதில்லை. அழுதால் இன்னுமா என்கிறார்கள். சிரித்தால் அதற்குள்ளேயா என்கிறார்கள்.

அவளைப் பாசி வளர்ப்பவளாக வைத்தது இந்த ஊசலாட்டத்துக்கு வசதியாக இருந்தது. மண்டபம், பாம்பன் பகுதிகளில் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து செய்யும் வேலை அது: பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி மூங்கில் மிதவை, அதில் கயிறுகள், கயிறு நெடுகிலும் முடிந்த விதைப்பாசி. சுமார் நாற்பத்தைந்து நாளில் அறுவடை; அறுத்ததிலிருந்தே அடுத்த சுற்றுக்கு விதை. நாவலின் அத்தியாயங்களை மாதக் கணக்கில் பிரிக்காமல் இந்த நாற்பத்தைந்து நாள் சுற்றுகளில் பிரித்திருக்கிறேன். காற்று மாறி அலை உயரும் மாதங்களில் மிதவை கட்ட முடியாது. அப்போது கையில் வேலை இல்லை, துக்கம் முழு நேரமும் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு ஆட்கள் எல்லோரும் கரையில் இருப்பார்கள். படகுகளைப் பழுது பார்ப்பார்கள், வண்ணம் அடிப்பார்கள். அந்த ஆண் கூட்டத்துக்கு நடுவே, இல்லாத ஒருவன் இன்னும் கூடுதலாக இல்லாமல் இருப்பான். இப்படி வெளியுலகக் காலண்டரே மனநிலையைச் சொல்லிவிட்டால், "அவள் மனம் கனத்தது" என்ற வரியை எழுதத் தேவையே இல்லை.

மிதவையிலும் கயிற்றிலும் ஒட்டி வளரும் சிறு சிப்பிகள் விரலைக் கிழிக்கும். பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொள்வார்கள். பழைய கைலியை மெல்லிய பட்டைகளாகக் கிழித்து, துவைத்து, காய வைத்து ஒரு பையில் போட்டு மகளிடம் கொடுத்துவிடுகிறான் அவன். இதைத் தவிர அவன் பரிசென்று எதையும் கொடுப்பதில்லை. அவர்களுக்கிடையே பெரிய சங்கடம் வேறிடத்தில் இருக்கிறது. கணவனின் கூட்டாளி, கணவனை விட மூத்தவன் என்பதால் கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் "அண்ணே" என்றே கூப்பிட்டு வந்திருக்கிறாள். குழந்தைக்கு அவன் பெரியப்பா. முறை இப்படி இருக்கும்போது ஆசை வந்ததும் எப்படிக் கூப்பிடுவது? சில அத்தியாயங்களுக்கு அவள் அவனை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. "இந்தாங்க", "கேக்குதா", "பாப்பா சொன்னா" என்று சுற்றி வளைத்துப் பேசிச் சமாளிக்கிறாள். அந்த மாற்றத்தை முதலில் கண்டுபிடிப்பவர் மாமியார்.

இரண்டாம் காதல் நாவல்களில் மாமியார் ஒன்று வில்லியாக இருப்பார், அல்லது தானே முன்னின்று மறுமணம் செய்துவைக்கும் தெய்வமாக இருப்பார். மகனை இழந்த தாயாக அவரை யாரும் எழுதுவதில்லை. என் மாமியார் பாத்திரம், இறப்புச் சான்றிதழ் வாங்க மருமகள் நீதிமன்றம் போவதை எதிர்க்கிறார். அதற்குப் பொல்லாத்தனம் காரணமில்லை. குடும்ப அட்டையில் மகன் பெயர் இன்னும் இருக்கிறது என்பதுதான் காரணம். தலைக்கு அரைக் கிலோ வீதம் நான்கு பேருக்கு இரண்டு கிலோ சீனி மாதாமாதம் வருகிறது. பெயர் நீங்கினால் ஒன்றரைக் கிலோ ஆகிவிடும். "சீனிக்காகச் சொல்லல தாயி. அவன் பேரு அதுல கெடந்துட்டுப் போகட்டும்" என்கிறார். சான்றிதழ் இல்லாமல் ஆதரவற்ற விதவைகளுக்கான ஓய்வூதியம் கிடைக்காது. மறுமணம் செய்தால் அதுவும் நின்றுவிடும். இன்னொரு பக்கம், விதவை மறுமணத்துக்கு அரசே உதவித் திட்டம் வைத்திருக்கிறது: 8 கிராம் தங்க நாணயத்தோடு 25,000 ரூபாய், பட்டம் அல்லது பட்டயம் முடித்தவர்களுக்கு 50,000 ரூபாய். கணவன் படகு முதலாளியான சம்மாட்டியிடம் வாங்கியிருந்த முன்பணம் வேறு நிற்கிறது. காதல் கதையில் பணக்கணக்கு எதற்கு என்று கேட்பவர்கள், கணவன் போன வீட்டில் ஒரு மாதம் இருந்து பார்க்க வேண்டும். இந்தக் கணக்குகளையெல்லாம் போட்டுப் பார்த்த பிறகும் ஒருத்தி ஒருவனைத் தேர்ந்தெடுக்கிறாள் என்றால்தான் அந்தத் தேர்வுக்கு எடை வருகிறது.

எதைத் தவிர்த்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்தை ஒரு முறைகூடக் காட்டவில்லை. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அங்கே நடந்தது, ரயிலோடு போன மனிதர்கள், ஊரையே விட்டு வெளியேறிய குடும்பங்கள் எல்லாம் தனி நாவல்களுக்கு உரியவை. இன்றைக்குத் திருமணத்துக்கு முந்திய புகைப்படங்களுக்குப் பின்னணியாகிப்போன அந்தச் சுவரை என் நாயகியின் துக்கத்துக்கும் பின்னணியாக்க மனம் ஒப்பவில்லை. பாம்பன் பாலம் மட்டும் வருகிறது, அதுவும் ஓசையாக. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றுபோய், 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும் வரை, பாம்பன்காரர்கள் ரயில் சத்தம் இல்லாமல் வாழ்ந்தார்கள். காதல் வளரும் பகுதி முழுவதும் அந்த இடைவெளியில் நடக்கிறது.

உச்சக் காட்சி கோயிலில் ஓலை வாசிக்கும் மூன்று ஞாயிறுகள். இன்னார் மகனுக்கும், காலஞ்சென்ற இன்னாரின் மனைவியாக இருந்த இன்னாருக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று பீடத்திலிருந்து வாசிக்கப்படும். அவள் கணவன் காலமானான் என்று ஊர் முன்னிலையில் முதன்முதலாகச் சொல்லப்படுவது, அவளுடைய அடுத்த திருமண அறிவிப்பில்தான். அடக்கப் பூசை நடக்காத அவனுக்கு அதுவே அடக்க அறிவிப்பும் ஆகிறது. முதல் ஞாயிறு மாமியார் கோயிலுக்கு வரவில்லை. இரண்டாம் ஞாயிறு வந்து, வாசிப்புக்கு முன்பே எழுந்து போய்விடுகிறார். மூன்றாம் ஞாயிறு என்ன செய்கிறார் என்பதைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன். எழுந்து நின்று மறுக்கவும் இல்லை, ஆசீர்வதிக்கவும் இல்லை. பெயர் வாசிக்கப்பட்டதும் சத்தம் போட்டு அழுகிறார், ஏழாண்டாக அழாத அழுகையை. பக்கத்துப் பெண்கள் அவரைப் பிடித்துக்கொண்டு இழவு வீட்டில் அழுவது போலச் சேர்ந்து அழுகிறார்கள். பங்குப் பணியாளர் வாசிப்பை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறார்.

கல்யாணத்துக்குப் பின் அவன் அந்த வீட்டுக்கே வந்து சேர்கிறான். வீடு மாமியாருடையது, மகளை வளர்ப்பவரும் அவர்தான். குடும்ப அட்டையில் ஒரு பெயர் நீங்கி ஒரு பெயர் ஏறுகிறது. சீனி அதே இரண்டு கிலோ. இது கொஞ்சம் அளவெடுத்துத் தைத்தது போல இருப்பதால், கதாசிரியர் குரலில் சொல்லாமல், நியாயவிலைக் கடைக்காரர் போகிற போக்கில் சொல்வதாக விட்டுவிட்டேன். இறந்தவனின் படம் கூடத்தில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதை எடுக்கவா என்று புதுக் கணவன் கேட்பதாகவோ, வேண்டாம் என்று அவள் சொல்வதாகவோ காட்சி எதுவும் வைக்கவில்லை. அவன் நண்பனின் படம் அது, எடுக்கும் எண்ணம் அவனுக்கு வராது.

இன்னும் எழுதாமல் நிற்பது விசாரணையில் மாமியார் கொடுக்கும் வாக்குமூலம். மகன் இறந்துவிட்டான் என்று ஒரு தாயிடம் கையெழுத்து வாங்கும் அத்தியாயம் அது. கதை முழுவதும் படர்க்கையில் போகிறது. இந்த ஓர் அத்தியாயத்தை மட்டும் அவருடைய பேச்சிலேயே, கேள்வி கேட்பவரின் குரல் எங்கும் வராமல், இடையிடையே வெற்றிலைக்கும் தண்ணீருக்கும் அவர் நிறுத்துவதையும் சேர்த்து எழுதிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அதற்கு முன் தங்கச்சிமடத்தில் எனக்குத் தெரிந்த சில பெரிய மனுஷிகளிடம் உட்கார்ந்து, அவர்கள் பேச்சைக் காதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். தடைக்காலம் முடிந்துவிட்டால் அவர்களுக்கு நேரம் இருக்காது என்பதால், அதற்குள் போக வேண்டும்.